வண்டி பழசு, துட்டு புதுசு

“மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டி. பதினான்கு வயது. இதில் எது எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. எங்கள் கட்சிக்காரர் மெக்கானிக், மந்திரவாதி அல்ல.”

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் இப்படித்தான் வாதத்தைத் தொடங்கினார். கேட்டவர்கள் சிரித்தார்கள். பழைய வண்டியைச் செலவழித்துத் தேற்றுகிறவர்கள் எல்லா ஷெட்டிலும் கேட்டுப் பழகிய பேச்சுதான் அது. கோர்ட்டிலும் அது நன்றாகவே எடுபடும். அதனால்தான் இந்த வழக்கில் வண்டி ஏன் நின்றது என்ற கேள்விக்குள்ளேயே நான் போகவில்லை. செய்ததாகச் சொல்லிப் பணம் வாங்கிய வேலை செய்யப்பட்டதா? புகார் மனு முழுக்க இந்த ஒரு கேள்விதான்.

என் கட்சிக்காரர் காசிமேட்டில் விசைப்படகுகளுக்கு வெல்டிங் செய்பவர். வீடு திருவொற்றியூரில். பெயர் வேண்டாம், வெல்டர் என்றே சொல்கிறேன். காசிமேடு, எண்ணூர், சில சமயம் பழவேற்காடு என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் வெல்டிங் செட், கேபிள், கிரைண்டர், ராடு பெட்டி அத்தனையையும் கொண்டுபோக வேண்டும். அதற்கு ‘குட்டி யானை’யை வாடகைக்குப் பிடித்துக்கொண்டிருந்தார். 2021இல் ஊரடங்கு தளர்ந்து வேலை வரத் தொடங்கியதும், 2007 மே மாதம் பதிவான மஹிந்திரா பொலேரோ ஒன்றை 1,40,000 ரூபாய்க்கு வாங்கினார். சீட்டு எடுத்த பணத்தில் மிச்சம் ஒரு லட்சம் இருந்தது. அதற்குள் வண்டியைத் தேற்றிவிடலாம் என்பது கணக்கு.

கணக்கு தப்பில்லை. பொலேரோவுக்கு அடியில் தனிச் சேசிஸ், பின்னால் கமான் பட்டை. தெருமுனை மெக்கானிக்கும் கை வைக்கத் தயங்காத கட்டுமானம். உதிரி பாகம் புதுப்பேட்டையில் புதுசும் கிடைக்கும், பழசும் கிடைக்கும். அதோடு திருவொற்றியூர்க்காரருக்கு இன்ஜின் அந்நிய விஷயமும் இல்லை. 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கிய லேலண்ட் ஆலை எண்ணூரில். 1955இல் வந்த என்ஃபீல்ட் திருவொற்றியூரில். டயர் செய்யும் எம்.ஆர்.எஃப். அதே ஊரில். குடும்பத்துக்கு ஒரு ஃபிட்டர், ஒரு டர்னர் என்று தலைமுறை தலைமுறையாக வளர்ந்த பகுதி அது. வெல்டரின் மாமாவும் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஃபிட்டர்தான். பின்னால் இந்த வழக்கை முதலில் மோப்பம் பிடித்தவர் அவர்தான்.

கடலோரத்தில் நின்ற வண்டிக்கு உப்புதான் எமன். வெல்டர் சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்துவிட்டார். சேசிஸைத் தட்டினால் கணீரென்ற சத்தம், தளத்தைத் தட்டினால் மொத்தென்ற சத்தம். டிரைவர் கால் வைக்கிற இடத்தில் மேலே மேட்டும் பெயிண்டும் இருந்தன, நடுவில் இரும்பு இல்லை. சேசிஸ் தப்பித்திருந்ததால்தான் வண்டியை வாங்கவே துணிந்ததாகச் சொன்னார். சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் 16 கேஜ் தகட்டில் துண்டு வாங்கி, பேட்டரி ஒயரைக் கழற்றி வைத்துவிட்டு, உளுத்த தளத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து, ரெட் ஆக்சைடு அடித்து, அடியில் கறுப்புக் கோட்டிங் கொடுத்தார். வெளியே கொடுத்தால் பெரிய தொகை. அவருக்கு ஆனது பொருள் செலவு மட்டும்.

எல்லாச் செலவையும் அவர் மனைவி ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருந்தார். சுய உதவிக் குழுவுக்குக் கணக்கு எழுதுகிற அம்மா. தேதி, பொருள், இடம், தொகை என்று நான்கு கட்டம். கமான் புஷ், செகண்ட்ஹேண்ட் ரேடியேட்டர், முன்பக்கத்துக்கு இரண்டு புது டயர், புது பேட்டரி, ரெட் ஆக்சைடு, டீ நாலு. டீயைக்கூட விடவில்லை. வழக்கில் முதல் சான்றாவணமாக நான் குறித்தது அந்த நோட்டைத்தான்.

தன்னால் முடியாத வேலை இன்ஜின் மட்டும். புகை தள்ளியது, ஆயில் குடித்தது, மேட்டில் மூச்சு வாங்கியது. எண்ணூர் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் இருந்த ஷெட்டில் விட்டார். சிலிண்டரைப் போர் பண்ணி, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு, ஹெட் ஃபேசிங் செய்து தருவதாகப் பேச்சு. அக்டோபரில் விட்ட வண்டி நவம்பர் கடைசியில் வந்தது. பில் கேட்டதற்கு மேஸ்திரி ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தார். போரிங் 0.50 – 6,000. பிஸ்டன், ரிங் செட் – 16,500. பேரிங் – 5,500. ஹெட், வால்வு வேலை – 5,000. கேஸ்கெட் – 4,000. கூலி – 15,000. ஆக 52,000. கீழே ‘பெற்றது’ என்று எழுதி ஒரு கிறுக்கல். ஷெட் பெயரும் இல்லை, முத்திரையும் இல்லை. இதில் 42,000 ஜி-பேயில் போனது, மீதி ரொக்கம்.

இரண்டு மாதம்கூட ஓடவில்லை. கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் எண்ணூர் நெடுஞ்சாலையில் வண்டி ஹீட் ஏறி நின்றது. 2022 ஜனவரியில் அதே ஷெட்டுக்கு இழுத்துப் போனார்கள். ஹெட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு, “ஹெட் கிராக் அண்ணே, இன்னும் 22,000 ஆவும்” என்றார் மேஸ்திரி. வெல்டர் மறுத்தார். “அப்போ துட்டு குடுத்துட்டு வண்டிய எடு. நிக்கிற ஒவ்வொரு நாளைக்கும் 200 ரூபா பார்க்கிங்” என்று பதில் வந்தது. ஷெட் கதவு பூட்டப்பட்டது. காவல் நிலையத்தில் ‘சிவில் மேட்டர்’ என்று அனுப்பிவிட்டார்கள்.

பிப்ரவரியில் கணவனும் மனைவியும் என் ஆபீசுக்கு வந்தார்கள். கூடவே மாமா. நான் பார்த்த வரைக்கும் இந்த மாதிரி விஷயத்தில் பலரும் வழக்குப் போடுவதில்லை. வண்டியின் மதிப்பே ஒன்றரை லட்சம், இதற்குப் போய்க் கோர்ட்டா என்று விட்டுவிடுவார்கள். நானும் அதைச் சொல்லிப் பார்த்தேன். வெல்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“வண்டி பழசுதான் சார், நான் இல்லன்னு சொல்லல. ஆனா நான் குடுத்த துட்டு புதுசு தானே?”

எதிர்த்தரப்பு எந்த வாதத்தை எடுக்கும் என்று எனக்குத் தெரியும். அதற்கு இதைவிடச் சுருக்கமான பதில் கிடையாது. பிறகு மாமா பேசினார். இரண்டாவது முறை ஷெட்டுக்குப் போனபோது ஹெட் கழற்றியிருந்ததால் சிலிண்டருக்குள் எட்டிப் பார்த்தாராம். “போர் பண்ண சிலிண்டர் மாதிரி தெரியல சார். ஆனா கை வெச்சுப் பாக்க விடல” என்றார்.

அந்த இடத்தில்தான் வழக்கு பிறந்தது. உடனே 22,000 கட்டி வண்டியை வெளியே எடுத்துவிடலாம் என்று வெல்டரின் மனைவி கேட்டார். வேலைக்கு வாடகை வண்டி பிடித்தே தேய்ந்துகொண்டிருந்தார்கள், நியாயமான கேள்விதான். எடுக்கக் கூடாது என்றேன். வண்டி வெளியே வந்து வேறு மெக்கானிக் கை வைத்த பிறகு, யார் செய்தது, யார் செய்யாதது என்று எந்த ஆணையத்தாலும் சொல்ல முடியாது. முதலில் இன்ஜின் உள்ளது உள்ளபடி பதிவாக வேண்டும், பிறகுதான் வண்டி வெளியே வர வேண்டும்.

வக்கீல் நோட்டீஸில் ஒரு விஷயத்தை அழுத்திச் சேர்த்தேன். தனியார் வண்டிக்கு ஆர்.சி. பதினைந்து ஆண்டு. அதன்பின் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். இந்த வண்டிக்கு 2022 மே மாதம் முடிகிறது. காலாவதியாகும் நாளுக்கு 60 நாள் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். அதாவது மார்ச்சிலேயே செய்துவிடலாம். அந்த மார்ச்சுக்கு ஒரு மதிப்பு இருந்தது. காருக்கு 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம், 2021 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிப்பின்படி 2022 ஏப்ரல் 1 முதல் 5,000 ரூபாய். தாமதித்தால் மாதம் 500 ரூபாய் கூடுதல். புதுப்பிக்க மோட்டார் வாகன ஆய்வாளர் முன்னால் வண்டி ஓடி நிற்க வேண்டும். ஷெட்டில் பூட்டி வைத்த வண்டி எப்படி ஓடும்? மார்ச்சுக்குள் வண்டி வராவிட்டால் இந்த நஷ்டமும் உங்கள் தலையில்தான் என்று எண்களோடு எழுதினேன்.

இதற்குக் காரணம் உண்டு. ஒப்பந்தச் சட்டம் 73ஆம் பிரிவு, ஒப்பந்தத்தை மீறினால் வழக்கமாக விளையும் நஷ்டத்தையும், இரு தரப்புக்கும் முன்பே தெரிந்திருந்த நஷ்டத்தையும்தான் தரும். இந்தக் கொள்கையின் வேர் 1854ஆம் ஆண்டு இங்கிலாந்து வழக்கு ஒன்றில் இருக்கிறது. குளோஸ்டர் நகரத்து மாவு ஆலையில் கிராங்க் ஷாஃப்ட் உடைந்து ஆலை நின்றது. அந்த ஷாஃப்டைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியவர் தாமதம் செய்ததால் ஆலை மேலும் சில நாள் நின்றுகிடந்தது. தாமதித்தால் ஆலை நின்றுகிடக்கும் என்பதைக் கொண்டுபோகிறவருக்குச் சரியாகத் தெரியப்படுத்தாததால் அந்த லாப இழப்புக்கு ஈடு கிடைக்கவில்லை. சட்டக் கல்லூரியில் எல்லோரும் படிக்கும் ஹாட்லி வழக்கு. சொல்லாமல் விட்ட நஷ்டத்தைப் பிறகு கேட்க முடியாது என்பதுதான் அதிலிருந்து நமக்குப் பாடம்.

நோட்டீஸுக்குப் பதில் வரவில்லை. ஏப்ரலில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தாக்கல் செய்தோம். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் தாக்கல் கட்டணமே இல்லை. கூடவே ஒரு இடைக்கால மனு: ஷெட் கேட்கும் 22,000 ரூபாயை ஆணையத்தில் கட்டிவிடுகிறோம், வழக்கறிஞர் ஆணையர் ஒருவரையும் ஆட்டோமொபைல் தெரிந்தவர் ஒருவரையும் நியமித்து இன்ஜினைப் பார்க்கச் சொல்லுங்கள், பார்த்த பிறகு வண்டியை விடச் சொல்லுங்கள். ஜூலையில் உத்தரவு கிடைத்தது. பாலிடெக்னிக் விரிவுரையாளர் ஒருவரை நியமித்தார்கள்.

ஆய்வு நாளில் நானும் ஷெட்டுக்குப் போனேன். ஹெட் கழற்றிய இன்ஜின் மேல் கோணி போர்த்தியிருந்தது. கோணியை எடுத்ததும் நான்கு பிஸ்டன் தலைகளும் கரி படிந்து கறுப்பாகத் தெரிந்தன. விரிவுரையாளர் டீசலில் நனைத்த துணியால் முதல் பிஸ்டனை அழுத்தித் துடைத்தார். கரி கரைந்து அலுமினியம் வெளுத்தது. நடுவில் அம்புக்குறி, பக்கத்தில் பொறித்த எழுத்துகள்: எஸ்.டி.டி. ஓவர்சைஸ் பிஸ்டனாக இருந்தால் அங்கே 0.50 என்று இருக்க வேண்டும். ‘ஸ்டாண்டர்டு’ என்றால் ஆலையிலிருந்து வந்த அளவு. மற்ற மூன்றையும் துடைத்தார். நான்கிலும் அதே எழுத்து.

பிறகு சிலிண்டர் சுவரில் நகத்தை வைத்து மேல்நோக்கி இழுத்தார். விளிம்புக்குக் கொஞ்சம் கீழே நகம் தட்டி நின்றது. என்னையும் வைத்துப் பார்க்கச் சொன்னார். வைத்தேன், தட்டியது. ரிங் ஏறி இறங்கும் இடம் வருஷக்கணக்கில் தேய்ந்து போக, ரிங் எட்டாத உச்சியில் தேயாத பகுதி படியாக நின்றுவிடும். போர் பண்ணினால் அந்தப் படி முதலில் காணாமல் போகும். மூன்று லட்சம் கிலோமீட்டர் தேய்மானம் அந்தச் சுவரில் அப்படியே இருந்தது. வெல்டரின் மாமா பின்னாலிருந்து கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

அதோடு முடியவில்லை. பேட்டரியின் எண்ணை வாரண்டி கார்டோடு ஒப்பிட்டோம், பொருந்தவில்லை. இருந்தது ஒரு செத்த பேட்டரி. முன்பக்க டயர் இரண்டும் மாறியிருந்தன. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: முதல் இரண்டு எந்த வாரம், அடுத்த இரண்டு எந்த ஆண்டு. வெல்டர் வாங்கியவை 2021இல் செய்தவை. தளம் வெல்டிங் செய்தபோது எடுத்த செல்போன் படத்தில் அந்த எண் ஓரமாக விழுந்திருந்தது. ஷெட்டில் மாட்டியிருந்தவை 2015.

அறிக்கையில் எங்களுக்கு எதிரான வரியும் ஒன்று இருந்தது. ரேடியேட்டர் குழாய்களில் பாதி அடைத்திருப்பதாக விரிவுரையாளர் எழுதினார். அது வெல்டரே புதுப்பேட்டையில் வாங்கி மாட்டிய பழைய ரேடியேட்டர். வண்டி ஹீட் ஏறியதற்கு ஷெட்தான் காரணம் என்று நான் மனுவில் எழுதியிருந்தால் அந்த ஒரு வரியிலேயே வழக்கு சாய்ந்திருக்கும். சின்ன பட்ஜெட்டில் தேற்றிய வண்டியில் எப்போதும் யாராவது ஒருவர் போட்ட பழைய பாகம் இருக்கும். எனவே, பழுதின் காரணத்தைத் தேடிப் போவதைவிட, கொடுத்த காசுக்குரிய வேலையைக் கேட்பதுதான் பத்திரம்.

ஷெட் தரப்பு நான்கு வாதம் வைத்தது.

முதலாவது, வெல்டர் தொழிலுக்காக வண்டி வைத்திருக்கிறார், அதனால் அவர் சட்டத்தின் கண்ணில் நுகர்வோரே அல்ல என்பது. இதற்குப் பதில் 1995ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் இருந்தது. கோவை பி.எஸ்.ஜி. நிறுவனத்தின் மீது லக்ஷ்மி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் தொடுத்த வழக்கு. வழக்குப் போட்டவர் தோற்றார். ஆனால் தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்குகிறவரும், தானே இயக்கிப் பிழைக்க லேத் வாங்குகிறவரும் நுகர்வோர்தான் என்று நீதிமன்றம் அதில் தெளிவாகச் சொன்னது. ஆள் வைத்து நடத்தும் வியாபாரம் வேறு, தன் கையால் பிழைப்பது வேறு. வெல்டர் இரண்டாவது வகை.

இரண்டாவது, சிலிண்டரில் புது ஸ்லீவ் இறக்கி ஸ்டாண்டர்டு அளவுக்கே கொண்டுவந்தோம் என்ற விளக்கம். சாமர்த்தியமான விளக்கம். ஆனால் புது ஸ்லீவில் தேய்மானப் படி எங்கிருந்து வரும்? அதோடு துண்டுச் சீட்டில் அவர்கள் கையாலேயே 0.50 என்று எழுதியிருந்தது. வாட்ஸ்அப்பில் மேஸ்திரியின் குரல், “அம்பது போர் ஓட்டியாச்சு அண்ணே” என்றது. அந்த மின்னணுப் பதிவுக்கு அப்போதைய சாட்சியச் சட்டம் 65பி சான்றிதழும் சேர்த்தே தாக்கல் செய்திருந்தோம்.

மூன்றாவது வாதம் பற்றுரிமை. ஒப்பந்தச் சட்டம் 170ஆம் பிரிவின்படி, ஒப்படைத்த பொருளின் மீது உழைப்போ திறமையோ செலுத்தியவர், கூலி வரும்வரை பொருளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம். பட்டை தீட்டிய வைரத்தை நகை வியாபாரி கூலி வரும்வரை வைத்துக்கொள்ளலாம் என்று சட்டமே உதாரணம் தருகிறது. மெக்கானிக்குக்கும் அந்த உரிமை உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தீட்டி முடித்த வைரத்துக்குத்தான் உரிமை. இங்கே இரண்டாவது முறை ஹெட்டைக் கழற்றியதோடு சரி, வேலையே நடக்கவில்லை. முதல் வேலைக்குப் பாக்கியும் இல்லை.

பார்க்கிங் கட்டணத்துக்குத் துறைமுகத்துக்காரர்கள் அறிய வேண்டிய வழக்கு ஒன்று உண்டு. 1860இல் இங்கிலாந்தில் கப்பல் பழுது பார்த்த ஒருவர், கூலி வராததால் கப்பலைத் தன் துறையிலேயே நிறுத்திவைத்து, நின்ற நாளுக்கெல்லாம் கட்டணம் கேட்டார். பிரபுக்கள் சபை மறுத்தது. உன் பணத்துக்காக, உன் நன்மைக்காக நீ பிடித்து வைத்திருக்கிறாய், அதற்கு அவன் ஏன் வாடகை தர வேண்டும் என்பது அதன் சாரம். கப்பலுக்குச் சொன்ன நியாயம் பொலேரோவுக்கும் பொருந்தும் என்றேன்.

நான்காவது வாதம்தான் எனக்குப் பிடித்தது. எதிர்த்தரப்பு வக்கீல் நன்றாகப் படித்துவிட்டு வந்திருந்தார். பேட்டரி, டயர் காணாமல் போனதற்கு ஷெட் பொறுப்பல்ல, ஏனென்றால் வண்டி எங்கள் வசம் ஒப்படைக்கப்படவே இல்லை என்றார். ஆதாரமாக அவர் காட்டியது காளியப்பெருமாள் பிள்ளை எதிர் விசாலாட்சி, 1938ஆம் ஆண்டுத் தொகுப்பில் உள்ள நமது சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு. ஒரு பெண்மணி பழைய நகையை அழித்துப் புது நகை செய்யப் பொற்கொல்லரிடம் கொடுத்தார். தினமும் மாலையில் அரைகுறையாக முடிந்த நகையை வாங்கி, அவர் வீட்டிலேயே ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியைத் தன்னோடு கொண்டுபோவார். ஒரு நாள் இரவு நகை திருடு போனது. சாவி அவரிடம், பூட்டு அவருடையது, அதனால் பொருள் பொற்கொல்லரிடம் ஒப்படைக்கப்பட்டதாக ஆகாது என்றது நீதிமன்றம்.

வெல்டரும் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஷெட்டுக்கு வந்து தளம் ஒட்டினாராம், இன்னொரு சாவி அவரிடமே இருந்ததாம், எனவே அதே நியாயமாம். சான்றாகக் காட்டியது எங்கள் நோட்டையே. ஷெட் பெயருக்கு எதிரே, ஞாயிறு ஞாயிறாக, ‘டீ நாலு’.

நோட்டை நானும் விரித்தேன். ஷெட்டில் குடித்த கடைசி டீ நவம்பர் மாதத்தோடு நிற்கிறது. வண்டி இரண்டாவது முறை உள்ளே போன ஜனவரியிலிருந்து ஷெட் பெயரில் ஒரு வரவு செலவும் இல்லை. மாறாக, ஒவ்வொரு வேலைக்கும் குட்டி யானை வாடகை ஏறிக்கொண்டே போகிறது. பொற்கொல்லர் வழக்கில் அந்தப் பெண்மணி தினமும் பொருளைத் திரும்ப வாங்கினார். இங்கே வெளிக்கதவில் தொங்கியது ஷெட்டின் பூட்டு. அதோடு ஒரு விஷயம் சொன்னேன். பற்றுரிமை வேண்டுமென்றால் வண்டி அவர்கள் வசம் இருந்திருக்க வேண்டும். வசத்தில் இருந்தால் 151ஆம் பிரிவின்படி தன் பொருளைப் பார்க்கிற அளவுக்காவது பார்த்துக்கொள்ள வேண்டும். பணம் கேட்கும்போது வண்டி எங்கள் கையில் என்பதும், பேட்டரியைக் கேட்டால் வண்டி உன் கையில் என்பதும் ஒரே வாயில் வர முடியாது.

ஆணையத் தலைவர் எதிர்த்தரப்பைப் பார்த்துக் கேட்டார்: “வண்டி யாரிடம் இருந்தது? ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள்.” பதில் நீளமாக வந்தது. ஒன்று மட்டும் வரவில்லை.

2023 இறுதியில் தீர்ப்பு வந்தது. செய்யாத போரிங்குக்கும் போடாத ஓவர்சைஸ் பிஸ்டனுக்கும் வாங்கிய 22,500 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். கூலியில் பாதி, 7,500. பேட்டரிக்கும் இரண்டு டயருக்கும் பில்படி 14,500. ஆர்.சி. புதுப்பிப்பில் ஏறிய 4,400, தாமதக் கட்டணம் 2,000. இவற்றுக்கு 9 சதவீத வட்டி. அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் 15,000, வழக்குச் செலவு 5,000. ஆணையத்தில் கட்டிய 22,000 வெல்டருக்கே திரும்ப வேண்டும். பார்க்கிங் கட்டணம் செல்லாது. முறையான பில் தராததை நேர்மையற்ற வணிக நடைமுறை என்று தனியாகக் குறிப்பிட்டார்கள். 2019 சட்டம் அதைப் பெயர் சொல்லியே பட்டியலில் வைத்திருக்கிறது.

கேட்டது எல்லாம் கிடைக்கவில்லை. ஹெட் ஃபேசிங், பேரிங், கேஸ்கெட் வேலைகள் நடந்ததாக அறிக்கை சொன்னதால் அந்தத் தொகை ஷெட்டுக்கே போனது. வண்டியின் மதிப்பு குறைந்ததாக நாங்கள் கேட்டதும், வருமான இழப்பாகக் கேட்டதும் தள்ளுபடி. குட்டி யானை வாடகைக்கு ரசீது இல்லாததால் அதைத் தனித் தொகையாகத் தரவில்லை. மன உளைச்சல் தொகையை முடிவு செய்யும்போது கணக்கில் எடுத்ததாக ஒரு வரி மட்டும் எழுதினார்கள். நியாயமான தீர்ப்பு என்பதே என் கருத்து. மேல்முறையீடு போகவில்லை. உத்தரவுப்படி பணம் வராததால் நிறைவேற்று மனுவும், சிறைத்தண்டனைக்கு வழி வைக்கும் 72ஆம் பிரிவு மனுவும் போட்ட பிறகு இரண்டு தவணையில் வந்தது.

தீர்ப்பில் ஒரு கருத்தை வக்கீல்கள் குறித்துக்கொள்ளலாம். வண்டியின் வயதும் ஓடிய தூரமும், பழுது நீக்கிய பிறகு அது எவ்வளவு காலம் உழைக்கும் என்ற கேள்விக்குத்தான் பொருந்தும், விலை குறித்து ஒப்புக்கொண்ட வேலையைச் செய்யாததற்குச் சமாதானமாகாது என்பது அதன் சாரம். வெல்டர் என் ஆபீசில் சொன்னதும் அதுதான்.

பழைய வண்டியைக் கையில் இருக்கும் காசுக்குள் தேற்றுகிறவர்களுக்குச் சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன். வேலையைப் பெயரோடு, அளவோடு எழுதி வாங்குங்கள். ‘இன்ஜின் வேலை’ என்று எழுதிய சீட்டு ஒன்றுக்கும் உதவாது, ‘போரிங் 0.50’ என்று எழுதிய துண்டுத்தாள் முப்பதாயிரத்தைத் திருப்பித் தரும். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். வண்டியை விடும் நாளில் மீட்டர், பேட்டரி எண், டயர் எண் மூன்றையும் படம் எடுங்கள். அசல் ஆர்.சி.யை ஷெட்டில் விடாதீர்கள். பணத்தை முடிந்தவரை ஜி-பேயில் அனுப்புங்கள். தகராறு வந்தால் இன்னொரு மெக்கானிக் கை வைப்பதற்கு முன் நோட்டீஸ் அனுப்புங்கள், தாமதத்தால் என்ன நஷ்டம் வரும் என்பதை அதில் எண்ணோடு எழுதுங்கள். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே புகார் தரலாம், இணையம் வழியாகவும் தரலாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் வைப்பதும் கட்டாயமில்லை. கால வரம்பு, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு.